அமெரிக்க விலையும் பாலக்கோட்டு விலையும்

என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அவளுக்கு என்னைவிட அடர்த்தியான முடி என்று ஊரே சொன்னதில் ஆரம்பித்தது. முடியை எப்போதோ மன்னித்துவிட்டேன். லேப்டாப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பாலக்கோடு பஸ் நிலையத்துக்குப் பின்புறம் ஜாக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போடும் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு ஊசி உள்ள மிஷின் ஒன்று, தருமபுரியில் தவணைக்கு வாங்கிய லேப்டாப் ஒன்று, இவ்வளவுதான் கடை. லேப்டாப் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வீடியோ காலில் ஓரகத்தி தன் புது லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினாள். அதே கம்பெனி, அதே மாடல், அதே சாம்பல் நிறம். "தள்ளுபடியில கெடச்சுதுங்க அக்கா" என்று விலையையும் சொன்னாள். போனை வைத்ததும் டாலரை ரூபாயாக்கிப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை போட்டேன். நான் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. அன்று சாயங்காலம்வரை வயிறு எரிந்தது. வெயில் சூடு என்று நினைத்து என் கணவர் மோர் கலக்கிக் கொடுத்தார்.

அவர் தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறவர். விலை என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குத் தொண்டை திறந்துகொள்ளும். "சாமான் வெளிநாட்டுல இருந்து வருது. எறக்குன எடத்துல ஒரு வரி, விக்கிற எடத்துல ஒரு வரி. டாலர் ஏறுனா அதுவும் நம்ம தலையில. அங்க கூட்டங் கூட்டமா வாங்கறாங்க, கொறச்சுக் குடுத்தாலும் கடைக்காரனுக்குக் கட்டுப்படியாகும். இங்க மாசத்துக்கு எத்தன பேரு வாங்கறாங்க சொல்லு. அவ சொன்ன வெலையிலயும் அந்த ஊரு வரி சேந்திருக்காது, பில்லுல தனியாப் போடுவான்." எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

லேப்டாப்போடு போயிருந்தால் பரவாயில்லை. எனக்கு நிஜமாகத் தேவைப்பட்டது டிசைன் போடும் சாஃப்ட்வேர். மிஷின் தானாக எதையும் தைக்காது. எந்த இடத்தில் எந்த நூல், எத்தனை தையல் என்று எழுதிய ஃபைலை பென் டிரைவில் கொடுக்க வேண்டும். அந்த ஃபைல்களை நான் வெளியே விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். நான் வாங்கும் மயில் டிசைனையே சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கடையும் வாங்கியது. அடுத்த தெருவில் புதிதாக வந்த கடைக்காரி மட்டும் சாஃப்ட்வேர் வைத்துக்கொண்டு மணப்பெண் கேட்டதையெல்லாம் வரைந்து தைத்துக் கொடுத்தாள். மிஷின் மெக்கானிக் ஒருவர் எனக்குத் திருட்டு காப்பி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதில் நான் வரைந்த முதல் மயில் கழுத்தே இல்லாமல் வந்தது. இரண்டாவது மயில் வருவதற்குள் லேப்டாப் படுத்துவிட்டது.

ஒழுங்கான சாஃப்ட்வேருக்கு இங்கே இருக்கும் ஏஜென்ட் சொன்ன விலையில் பழைய மிஷினே ஒன்று வாங்கலாம். அதே சாஃப்ட்வேர் அமெரிக்காவில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பாதி விலைக்கு இணையத்தில் வருகிறது. நம் கார்டைப் போட்டால் மட்டும், உங்கள் நாட்டு ஏஜென்ட்டைப் பாருங்கள் என்று அந்தத் தளம் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே எனக்கு அமெரிக்கக் கார்டு வைத்திருக்கும் ஒரு ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஆள் ஒருத்திதான். அவளிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்கோ வாய் வந்தது. ஒரு நாள் காலையில் கூப்பிட்டு, "அக்கா, பாப்பா படம் வரையப் பழகறா. அந்த சாஃப்ட்வேருக்கு மாசாமாசம் பணம் கட்டணும், இங்க ரொம்ப வெலைங்க. இந்தியாவுல மூணுல ஒரு பங்குதானாம். உங்க கார்டுல போட்டுக்கட்டுங்களா? பணம் அவரு அனுப்பிடுவாரு" என்றாள். நான் சரி என்றேன். அன்று முதல் ஒவ்வொரு மாதமும் என் போனுக்கு ஆறு எண்கள் வரும், அதாவது ஓடிபி. அடுத்த நொடியே "அக்கா, வந்துச்சா?" என்று அவளும் வருவாள். எண்ணைச் சொல்வேன். ஐந்து நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டு வைப்பாள்.

ஒரே சாஃப்ட்வேருக்கு இரண்டு ஊரில் இரண்டு விலை ஏன் என்று கணவரைக் கேட்டேன். "அதென்ன கூடையில வர்ற தக்காளியா? இன்னொருத்தருக்குக் குடுத்தா அவனுக்குச் செலவே இல்ல. அந்த வெலையச் சொன்னா இங்க ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, திருட்டு காப்பிதான் போடுவாங்க. வந்த வரைக்கும் ஆகட்டும்னு ஆளப் பாத்து வெல போடறான். நீ மட்டும் என்ன? பெங்களூர்ல இருந்து வர்ற பொண்ணுக்கு ஒரு ரேட்டு, கூலி வேலைக்குப் போற பொம்பளைக்கு ஒரு ரேட்டு சொல்றதில்லயா? மயிலு ஒண்ணுதான?"

உண்மைதான். அதனால் அன்று அவருக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே விழுந்தது. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. லேப்டாப் அங்கே குறைவு, அவள் அங்கே வாங்கினாள். வரையும் சாஃப்ட்வேர் இங்கே குறைவு, அதை இங்கே வாங்கினாள். எனக்கு எது வேண்டுமோ அது மட்டும் நான் இருக்கும் பக்கத்தில் விலை கூடியிருந்தது. டாலரில் சம்பாதிக்கிறவள் என் ஏழை விலையையும் வந்து எடுத்துக்கொண்டு போகிறாள் என்று மனசு பொருமியது.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் அந்தப் பாதி விலை மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைவரைதான். விட்டால் இந்த சீசனும் அடுத்த தெருக்காரிக்குத்தான். மாதாந்திர ஓடிபிக்காக ஓரகத்தி சனிக்கிழமை காலையில் கூப்பிடுவாள், எண்ணைச் சொன்ன கையோடு கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்கு நான் செய்வதை எனக்கு அவள் செய்கிறாள். இதில் தாழ்ந்துபோக என்ன இருக்கிறது?

சனிக்கிழமை கடையைத் திறந்ததும் பாப்பாரப்பட்டியிலிருந்து என் பழைய வாடிக்கைக்காரம்மா வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம். போனில் ஒரு டிசைனைக் காட்டினார். மணமக்கள் முகமே முதுகில் வருகிற மாதிரி.

"இது உங்ககிட்ட ஆவுங்களா?"

"இப்பதிக்கு ஆவாதுங்க. மயில், யானை, பல்லக்கு எல்லாம் இருக்குது."

"பொண்ணு இதுதான் வேணுங்கிறா. அடுத்த தெருவுல போடறாங்களாம். தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் படியிறங்கி அடுத்த தெருப் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது போன் சிணுங்கியது. ஆறு எண்கள். கூடவே, "அக்கா, வந்துச்சா?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நூல் கோத்தேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். மறுபடி எண் வந்தது, மறுபடி காலாவதியானது. மூன்றாவது தடவையும் அப்படியே. அவள் அழைப்புகள் அடித்து ஓய்ந்தன. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதமாவது அந்த ஊர் விலையைக் கொடுத்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். டீக்கடையிலிருந்து டீ வரவழைத்து, கூட ஒரு பன்னும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிட்டேன். போன் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"பரவால்லீங்க அக்கா. கடையில வேலையா இருந்திருப்பீங்க. இங்கத்த வெலைக்கே போட்டுட்டேன். பாத்தா பெரிய வித்தியாசமா ஒண்ணும் தெரியல. இனிமே மாசாமாசம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

ஒரு மாதம் அவளைச் சுடட்டும் என்று நான் விட்ட நெருப்பு அவளுக்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அந்த ஊரில் ஏன் அந்த விலை வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இத்தனை நாள் அவளுக்கு என்னிடம் ஆகவேண்டியிருந்த ஒரே காரியம் அந்த ஆறு எண்கள்தான். அதையும் நானே கவிழ்த்துப் போட்டுவிட்டேன். இனி நான் கேட்பது பதிலுக்குப் பதில் இல்லை, வெறும் உதவி.

கேட்காமல் வைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அடுத்த தெருப் பக்கம் திரும்பிய அந்த அம்மாவின் முதுகு கண்ணிலேயே நின்றது. சாஃப்ட்வேரின் பெயர், விலை, இன்றே கடைசி என்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அடடா, இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா அக்கா? இப்பவே போட்டுடலாம். லைன்லயே இருங்க." விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "எங்க பேங்க்லயும் ஒரு நம்பர் அனுப்புவான். வந்த உடனே போட்டுடறேன். விட்டா போயிடும், இல்லீங்களா?"

அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ஆமாம்மா, போயிடும்" என்றேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "வந்துடுச்சுக்கா, ஆயிடுச்சு" என்றாள்.

இப்போது என் கடையில் முகமும் வருகிறது, மயிலுக்குக் கழுத்தும் வருகிறது. பாப்பாரப்பட்டி அம்மா இளைய பெண்ணின் கல்யாணத்துக்கு என்னிடமே வந்தார். லேப்டாப் விலையை நான் மறந்து வெகுநாளாகிறது. அந்த அரை நிமிஷத்தைத்தான் மறக்க முடியவில்லை. கேட்டதும் அப்படிக் கொடுத்துவிட அவளால் முடிகிறது, எனக்கு முடியவில்லை. அதுவும் சேர்ந்து இப்போது என் பொறாமையில்தான் இருக்கிறது.