பூவராகன் மில் ஓடும் நேரம்

கடலூர் முதுநகரில் மாவு மில் வைத்திருக்கும் பூவராகனுக்குக் கட்சிதான் உயிர். 2010இல் அவர் கட்சி ஆட்சியில் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கரண்ட் போனதற்கே, "தொழிலே நாசமாப் போச்சு" என்று மறியலில் உட்கார்ந்து கைதானார். மறு வருஷம் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. 2012 ஐப்பசியில் கரண்ட் வருவதே அபூர்வமாகி, மில் பெரும்பாலும் மூடிக்கிடந்தது. "போன ஆட்சி வச்சிட்டுப் போன வினை, சரியாயிடும்" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். அதுதான் கொடுமை.

திலகவதி அவர் மனைவி. அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் தில்லைநாதன் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார், எதிர்க்கட்சி. தன் கட்சி ஆண்டபோது, "கம்பெனிங்க ஜாஸ்தியாவுது, அதான் கரண்ட் பத்தல" என்று பெருமையாக விளக்கம் சொன்னவர், இப்போது தினமும் சாபம் விட்டார். பூவராகனின் மகள் ஜெயராணி போயும் போயும் இவர் மகன் செம்பியனைத்தான் விரும்பினாள்.

நிச்சயத்தன்று யாரும் அரசியல் பேசக் கூடாது என்று திலகவதி இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். பத்திரிகை வாசித்தாயிற்று. தட்டு மாற்ற இருவரும் கை நீட்டிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"உங்க ஆட்சி ஆசீர்வாதம் பண்ணுது மச்சான்," என்றார் தில்லைநாதன்.

பூவராகன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அஞ்சு வருசம் ஆண்டுட்டுத் தூங்கனது யாரு?" என்று எகிறினார்.

தில்லைநாதன் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப உங்க மில்லு தினம் எத்தினி மணி நேரம் ஓடுதுன்னு சபையில சொல்லுங்க. உள்ளதச் சொன்னாத்தான் தட்டு மாத்துவேன்."

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. திலகவதி புருஷனின் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை.

"எட்டு மணி நேரம்," என்றார்.

தில்லைநாதன் எழுந்துவிட்டார்.

"மூணு மணி நேரம், மாமா," என்றாள் ஜெயராணி, அறை வாசலில் நின்று. "அதுவும் சேந்தாப்புல கெடயாது. ஒக்காருங்க, தட்ட மாத்துங்க."

தட்டு மாறியது. கல்யாணம் நின்றுபோகாமல் மகள் காப்பாற்றினாள் என்பது பூவராகனுக்கு உடனே உறைக்கவில்லை. முதலில் தோன்றியது வேறு: 'பொண்ணு அந்தக் கட்சிக்குப் போயிட்டாளே.'

அப்படி நினைத்தது தான்தானா என்று, மகள் வந்து அவர் காலில் விழுந்து கும்பிட்டபோது கூசிப்போனார்.