மதலேனம்மாள் கேட்டு வந்த அர்த்தம்

கேரளத்துச் சக்குபள்ளத்தில், ஏலத் தோட்டக் கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் மதலேனம்மாள் அடுத்த அறையில் இருந்தாள். நடுவில் பலகைத் தடுப்புதான். அந்த வீட்டுப் பேச்சு எல்லாம் எனக்குக் கேட்கும். ஏலக்காய் எடுப்பதில் அவள் கை வேகம், வாய் குறைவு. சிரித்தால்கூடச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வாள்.

எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசி. அவள் புருஷன் சுவக்கீன், காய் உலர்த்தும் ஸ்டோரில் தீ பார்க்கிற வேலையில் இருந்தார். ஆறு மணி வரைக்கும் அவர் முறை. ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கே விறகை நிறையத் தள்ளிவிட்டுச் சாராயத்துக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு முறை மாற வந்த பெரியமுத்து கதவைத் திறந்தால், தட்டுத் தட்டாகக் காய் கருகிக் கிடந்தது. சூப்பர்வைசர் விசாரித்தபோது, "நான் சரியாத்தான் ஒப்படைச்சேன்" என்று சுவக்கீன் சொல்லிவிட்டார். வேலை போனது பெரியமுத்துவுக்கு. சனிக்கிழமைக்குள் அவரும் அவர் பெண்சாதி குருவம்மாளும் லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

அன்று ஐந்து மணிக்கே சுவக்கீன் போதையில் வீட்டில் கிடந்ததை மதலேனம்மாள் பார்த்திருந்தாள். நானும் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"போயிச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"ஏட்டி, போன ஞாயிறு பூசையில அச்சன் என்ன சொன்னாரு? அந்த்யவிதின்னாரா இல்லையா? கடைசி வரைக்கும் விதிதான். நான் குடிக்கப் போவேன்னு எழுதிவச்ச சாமியே என்னை எப்படித் தண்டிக்கும்? அது ஞாயமா?"

எங்கள் அச்சன், அதாவது கோயில் சாமியார், மலையாளத்தில்தான் பிரசங்கம் வைப்பார். எனக்கும் அது அப்படித்தான் கேட்டிருந்தது.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. ஆண்கள் எதிரே வந்தால் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பவள், தனியாகப் பஸ் ஏறிக் குமுளிக்குப் போய், அச்சன் வீட்டு வாசலில் நின்று அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குரல் எழும்பியது.

"அவுக பாஷையில விதின்னா கோடதியில, அதான் கோர்ட்டுல, சொல்லுற தீர்ப்பாம். நம்ம ஜெபத்துல கடைசி நாள் தீர்வைன்னு சொல்லுவோமே, அதுதானாம். முன்னால எழுதுறது இல்ல. எல்லாத்தையும் கேட்டுட்டுப் பின்னால சொல்லுறது."

"குமுளி வரைக்கும் போயி எனக்குக் கேஸ் போட்டுட்டு வந்தியாக்கும்!"

"சிரிக்காதீய."

"சரி, நான் போவேன்னு ஆண்டவருக்கு முன்னாலயே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நீங்க சட்டையை எடுத்தா எனக்கே தெரியும், சாராயக் கடைக்குத்தான்னு. நான் தெரிஞ்சு வச்சிருந்ததா உங்களைப் பிடிச்சுத் தள்ளுச்சு?"

பிறகு அவர் குரல் தணிந்து வந்தது. "எங்கப்பனும் குடிச்சான், அவன் அப்பனும் குடிச்சான். இந்தப் புத்தியைக் குடுத்தது யாரு?"

"அதையும் அவருகிட்டச் சொல்லுங்க, கேப்பாரு. கேக்காம தீர்ப்புச் சொன்னாத்தான் அநியாயம். பெரியமுத்து அண்ணனை நீங்க யாரும் கேக்கலியே. ஆறு மணிக்கு வந்த மனுஷன் அவரு."

"சொன்னா நமக்குத்தான் லயம் போவும்."

"போவட்டும். சனிக்கிழமை பேர் கூப்பிடுற வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிருவேன். ஆனா அது நீங்க சொன்னதா ஆவாது."

வெள்ளிக்கிழமை அவள் சோறு வைத்தாள், அவர் சாப்பிட்டார். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வேலைக்கு அனுப்புமுன் சூப்பர்வைசர் பேர் கூப்பிட ஆரம்பித்தார். மதலேனம்மாள் பெண்கள் வரிசையில் முதலில் போய் நின்றாள். எப்போதும் கடைசியில் நிற்கிறவள். 'சுவக்கீன்' என்று கூப்பிட்டதும் அவர் "ஆஜர்" சொல்லவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார். மதலேனம்மாள் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு ஓரடி முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"நில்லுட்டி" என்றார். பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "தீயை விட்டுட்டுப் போனது நான்தான் சார். பெரியமுத்து வரும்போதே காய் கருகியாச்சு" என்றார்.

அன்றைக்கே பெரியமுத்துவை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். சுவக்கீனை நிறுத்தினார்கள்; லயமும் போனது. சாமான் கட்ட குருவம்மாள் உதவிக்கு வந்தாள். கட்ட ஒன்றும் மீதி இல்லை. மதலேனம்மாள் வெள்ளிக்கிழமை ராத்திரியே பானை சட்டியைக் கட்டி வைத்திருந்தாள். குமுளிப் பக்கம் வேறொரு தோட்டத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்வி. மழை விடட்டும் என்று எல்லோரும் சொன்னோம். அவள் கேட்கவில்லை. பெரிய மூட்டையைச் சுவக்கீன் தலையில் தூக்கி வைத்துவிட்டு, சின்னதைத் தான் எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் நடந்தாள்.