பின்தொடையும் மஞ்சள் கயிறும்

பின்தொடையில் தசை பிடித்து மாதக்கணக்காகிறது. கொஞ்சம் தேவலையானதும் கோலம் போடக் குனிவேன், மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

இன்று வலி இல்லை. நடராஜரைப் பார்த்துவிட்டு வரலாமென்று சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் என் வீட்டுக்காரர், கையில் மஞ்சள் கயிறு.

"கைய நீட்டு, காப்பு கட்டறேன்."

"திருவிழாவே இல்ல, இன்னா காப்பு?"

"அன்னிக்கு நீ எனக்குக் கட்ட வெச்சியே, அதே காப்புதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அறுபதுகளில் கடலூரில் புதுக்குடித்தனம். அவர் சடுகுடு ஆட்டக்காரர். இதே தசைதான் அவருக்கும் கிழிந்தது. வலி குறைந்தால் போதும், பண்ருட்டிக்கு ஆடப் போவார், நொண்டிக்கொண்டு திரும்புவார். சொல்லியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன்.

ஆடியில் தெரு மாரியம்மனுக்குத் திருவிழா. "உங்க பேர்ல வேண்டிக்கிட்டேங்க" என்று அழைத்துப் போய்ப் பூசாரி கையால் காப்பு கட்ட வைத்தேன். காப்பு கட்டிக்கொண்டவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். கால் ஆறியது. ஆத்தா அருள் என்று இன்றுவரை சொல்கிறார். அதுவும் பொய்யில்லை.

"அப்பவே தெரியுமா?" என்றேன்.

"ஆட்டத்துக்கு மொத நாளா பாத்து வேண்டுதல் ஞாபகம் வந்தா தெரியாதா? ஒன் மூஞ்சியப் பாத்துட்டுதான் கைய நீட்டுனேன்."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

எல்லை நம் வாசற்படி என்கிறார். தெருமுனைக் காய்கறி வண்டிவரை போகலாமா, கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.