சால் கன்றுகளுக்கு ஊற்றிய மருந்து

கிள்ளிய நாய்க்குடைகள் ஓர் இரும்பு வாளியில் கிடந்தன. பழுப்புத் தொப்பி, மெல்லிய காம்பு, பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மேலே மருந்து நெடி. எழுபதுகளின் நடுவில், துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணி. கிழமையும் நேரமும் குறித்துவைப்பது என் பழக்கம். அந்த வாளி இப்போதும் கண்ணில் நிற்கிறது, நாய்க்குடைகளுக்காக அல்ல.

கல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம் மர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். அங்கே ஆய்வு செய்த வங்காளிப் பெண்ணை எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்போம், என்னைவிட இளையவர் என்றாலும். மேதினிப்பூர் சால் மரக் காட்டிலிருந்து ரயிலில் மூட்டை மூட்டையாக மண் கொண்டுவருவார். ஒரு வரிசைத் தொட்டிகளில் வேகவைத்த மண். அதில் பூஞ்சையே கிடையாது. அடுத்த வரிசையில் ஒரே வகைப் பூஞ்சை. கடைசி வரிசையில் நாலைந்து வகை கலந்து. எல்லாவற்றிலும் ஒரே நாளில் விதைத்த சால் கன்றுகள். மூன்றாம் மழைக்காலத்தில் வித்தியாசம் என் கண்ணுக்கே தெரிந்தது. வெந்த மண்ணில் சாண் உயரம், வெளிறிய இலை. ஒற்றைப் பூஞ்சையில் சற்று மேல். கலந்த வரிசையோ முழங்காலைத் தாண்டிக் கரும்பச்சையாக நின்றது.

ஒருநாள் வேரைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். நுனிகள் வெள்ளைக் கையுறை மாட்டியதுபோல் இருந்தன. வேர் எட்டாத இடத்துப் பாஸ்பரஸைப் பூஞ்சை நூல்கள் கொண்டுவந்து கொடுக்கும், மரம் அதற்குச் சர்க்கரை தரும் என்றார். பல வகை எதற்கு என்று கேட்டேன்.

"ஒருத்தர் மீன் வாங்கப் போறார், இன்னொருத்தர் காய் வாங்கப் போறார். எல்லாரும் மீனே வாங்கினா சமையல் நடக்குமா, ஸ்டோர் பாபு?" என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தார். பூஜை விடுமுறை முடிந்ததும் கன்றுகளைப் பிடுங்கிச் சோதிப்பதாக இருந்தார். அதோடு ஆய்வேடு முடிந்துவிடும். குளிர்காலம்வரைதான் அவருக்கு அங்கே இடம்.

அவர் மேதினிப்பூர் போயிருந்த நேரத்தில் டெல்லியிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் சூப்பரின்டெண்டென்ட் தஞ்சாவூர்க்காரர். பூஞ்சையிலிருந்து நாய்க்குடை முளைத்திருந்த தொட்டிகளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா இது, பொணத்து மேல மொளைச்சாப்ல! நாளைக்கு டெல்லிக்காரன் வரான். பூஞ்சை மருந்தை எடும்."

"சார், அந்தப் பூஞ்சைதான் அவங்க ஆராய்ச்சியே."

"ஊறுகாய்ல பூத்தா உம்ம வீட்ல ஆராய்ச்சியா பண்றா? தூக்கித்தானே போடறா! வக்காலத்து வாங்காதேயும்."

எடுத்துக் கொடுத்தேன். நானே கரைத்தும் கொடுத்தேன். ஆட்கள் நாய்க்குடைகளைக் கிள்ளி வாளியில் போட்டு, எல்லாத் தொட்டிகளிலும் மருந்தை ஊற்றி, விளிம்புக்குக் காவி அடித்தார்கள். டெல்லிக்காரர் "வெரி நீட்" என்றார். சூப்பரின்டெண்டென்ட் பல்லெல்லாம் தெரிய நின்றார். நானும்தான்.

விடுமுறையும் முடிந்த பிறகே திரும்பிவந்த தீதி ஒரு கன்றைத் தட்டி எடுத்துப் பார்த்தார். நுனிகள் கறுத்துச் சுருங்கியிருந்தன.

"மருந்து அலமாரிச் சாவி உங்ககிட்டதானே?"

"மேலிடத்து உத்தரவு, தீதி."

"அவருக்குத் தெரியாது. உங்களுக்குக் காட்டினேனே."

கன்றைத் திரும்ப நட்டு, கட்டைவிரலால் மண்ணை அழுத்தினார். தை பிறப்பதற்குள் எல்லா வரிசையும் ஒரே மஞ்சளாகிவிட்டது. அவர் ஆய்வேடு எழுதாமலே போய்விட்டார்.

சென்ற மாதம் என் பேத்தி பாடப்புத்தகத்தை நீட்டினாள். வேர், வெள்ளை நுனி, நூல்கள், எல்லாம் படமாக இருந்தன. "தாத்தா, உங்க காலத்துல இதெல்லாம் யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.