சிரட்டையில் நனைந்த பிரஷ்

நனைந்த நாய் ஒன்று வீட்டுக்குள் புகுந்து உடம்பை உதறினால் என்ன வாடை அடிக்குமோ, ஏறக்குறைய அதே வாடைதான் அப்பா புதிதாக வாங்கிவந்த சவர பிரஷ்ஷை முதன்முதலாகத் தண்ணீரில் முக்கியபோது அடித்தது. அது பன்றி மயிரில் செய்த பிரஷ். முட்டைகூட வாசற்படி ஏறாத எங்கள் சைவ வீட்டில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பன்னி மயிர மூஞ்சியில தேச்சிட்டு அதே மூஞ்சியில திருநீறும் பூசணுமாக்கும்! நல்லாருக்குலே ஒனக்க சைவம்!" என்று சத்தம் போட்டாள். அம்மா சத்தம் போடவில்லை. தன் கை அதன்மேல் படாது, வீட்டுக்குள் அது வரவும் கூடாது என்று மட்டும் சொன்னாள். அதனால் பிரஷ்ஷுக்குக் கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணி கிடைத்தது.

அதை வாங்கப் போன அன்று ஒரே மகளான நானும் கூடப் போயிருந்தேன். எங்கள் ஊர் தோவாளைக்குப் பக்கம். நாடு விடுதலையாகியும் நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்களாகவே இருந்த காலம். அப்பா நாகர்கோவிலில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டராக இருந்தார். ஊரில் மற்ற ஆண்களுக்கு நாவிதர் வாரம் ஒருமுறை வீடு தேடி வந்து வழித்துவிட்டுப் போவார். காக்கிச் சட்டை போட்டுத் தினமும் நாலு பேர் முகத்துக்கு நேரே நிற்கிறவருக்கு அது போதவில்லை. கோட்டாற்றுக் கடையில் அப்பா ஒவ்வொரு பிரஷ்ஷாக எடுத்து, உள்ளங்கையில் அமுக்கி வளைத்து, விட்டவுடன் நிமிர்கிறதா என்று பார்த்தார். கொத்தாகப் பிடித்து இழுத்து மயிர் கையோடு வருகிறதா என்று பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து, நுனி தானாகக் கூம்பியிருக்கிறதா, கத்தரி வைத்து மட்டம் பண்ணியிருக்கிறார்களா என்று பார்த்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி பிரஷ் வாங்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே மரப்பிடி போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டார்.

புதிதில் அது முள்ளாகக் குத்தியது. அப்பா அதைச் சோப்பில் நுரை கிளப்பி, நுரையோடு வைத்து, அப்புறம் அலசி, இப்படியே பல நாள் பழக்கினார். நாளாக ஆக ஒவ்வொரு மயிரும் நுனியில் பிளந்து, கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி ஆகிவிட்டது. சவரத்துக்கு முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பச்சைத் தண்ணீர் விட்டு ஊறப்போட வேண்டும். கொதிக்கிற தண்ணீர் ஆகவே ஆகாது, "பசை விட்டிரும் மக்கா, பொறவு மயிரெல்லாம் கொட்டிப்போவும்" என்பார். முடிந்ததும் அலசி, பிழிந்து, உதறி, மயிர் கீழே பார்க்க ஆணியில் தொங்கவிடுவார். பஸ்ஸுக்கு எவ்வளவு நேரமானாலும் இதில் மட்டும் அவசரப்பட மாட்டார்.

ஆனால் அந்த ஆணி வெறுமையாகிற காலம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தால், பேறு முடிகிறவரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. அம்மா முழுகாமல் இருப்பது தெரிந்த மறுநாளே அப்பா பிரஷ்ஷைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு ஒரு தகர டப்பாவில் மூடிவைப்பார். அப்புறம் தாடிதான். தோவாளையிலிருந்து பூக்கூடையோடு பஸ் ஏறுகிற பெண்களுக்குப் பஞ்சாங்கமே வேண்டாம், கண்டக்டர் முகம் போதும். "தாடி கழுத்துக்கு வந்தாச்சே அண்ணாச்சி, வளைகாப்பு எப்ப? பூ எங்ககிட்டதான் எடுக்கணும், கேட்டேரா?" என்று அவர்கள் கூவ, பஸ்ஸே சிரிக்கும். அப்பாவுக்குக் காது சிவந்துவிடும், ஆனால் உள்ளூர அவ்வளவு சந்தோஷம்.

எனக்குப் பிறகு அம்மா உண்டானபோது அப்பா தாடியை ஒரு மயிர்கூடக் குறைக்காமல் காத்தார். அந்தக் குழந்தை பிறந்தது, அழவில்லை. டப்பா திறந்தது, பிரஷ் ஆணிக்கு வந்தது. அழாத குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை; "நேரம்" என்று ஒரே சொல்லில் அத்தை முடித்துவிட்டாள். இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இதை மறந்துபோனார்கள்.

மறுபடி அம்மா உண்டானாள். மறுபடி வேப்பிலை, டப்பா, தாடி. இந்த முறை எனக்குத் தம்பியோ தங்கையோ கிடைத்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. பழைய முதலாளி இருந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. அவர் காலமாகி, வெளியூரில் படித்துவிட்டு வந்த மகன் கம்பெனியை ஏற்றிருந்தான். "சாமியாருட்ட டிக்கெட் வாங்குன மாதிரி இருக்கு. முகத்த வழிச்சிட்டு வாரும், இல்லேன்னா பைய வச்சிட்டுப் போவும்" என்று அவன் சொல்லிவிட்டான். அப்பா பல்வலி என்று சொல்லித் துவர்த்துத் துண்டால் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினார். வலிக்கிற மனுஷன் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு கடிப்பதைச் சின்ன முதலாளியே நேரில் பார்த்துவிட்டான். அன்று வீட்டுக்கு வந்து அப்பா இதைச் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாள் விடிந்து அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கிணற்றடியில் காய்ந்த பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊறப்போடவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா நிறைவயிற்றோடு மெல்ல நடந்து வந்தாள். "நாலு மயிருல என்ன இருக்கு? பிறக்கப்போற பிள்ளைக்குக் கஞ்சி வேண்டாமா? இஞ்ச தாங்க" என்று சொல்லி, பன்றி மயிரைத் தொடமாட்டேன் என்ற அந்தக் கையாலேயே பிரஷ்ஷை வாங்கி, சிரட்டைத் தண்ணீரில் முக்கி, ஊறும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சோப்பில் தேய்த்து, "கண்ண மூடுங்க" என்று அப்பாவின் முகத்தில் அவளே நுரை போட்டாள். அப்பா நுரைக்குள் அழுதார். கத்தியை மட்டும் அவர் எடுத்தார். நான் மாட்டுத் தொழுவத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, தலை நிறைய முடி, உயிர் இல்லை.

அத்தை முற்றத்தில் மண்ணை வாரி இறைத்தாள். "நாலு மயிருக்குப் பிள்ளையக் குடுத்துட்டியேலே பாவி! தாடி கனத்துச்சாலே ஒனக்கு? கொள்ளி வைக்க ஒருத்தன் வந்தான், அவனையும் வழிச்சு எறிஞ்சிட்டியே!" என்று அவள் கதறியது தெரு முழுக்கக் கேட்டது. அப்பா மழித்த முகத்தோடு அறை வாசலில் நின்று, உள்ளே படுத்திருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா சொன்னார்: "ஆமாக்கா. அவ வேண்டாம்ணுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

அந்தப் பொய்யை அம்மா மறுக்கவில்லை. நானும் அவள் மறுப்பாள், மறுப்பாள் என்று காத்திருந்து பார்த்தேன். அந்தப் பொய் அவளைக் காப்பாற்றத்தான் சொன்னது, எனக்குத் தெரியும். ஆனால் காப்பாற்றியவரின் முகத்தை அவளால் அதற்கப்புறம் பார்க்க முடியவில்லை. சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், "அப்பாட்ட சொல்லு, நேரமாச்சுன்னு" என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள்; நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு பிள்ளையும் உண்டாகவில்லை. ஆணியிலிருந்து பிரஷ் காணாமல் போயிற்று. அப்பா ஒருநாள்கூட அதைத் தேடவில்லை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சலூனில் மழித்துக்கொண்டார். பூக்காரப் பெண்களும் அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டார்கள். அத்தை சாகும்வரை அவரை மன்னிக்கவில்லை. எங்கள் மண் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளில் ஊரெல்லாம் கொடி பிடித்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா இறந்தபோது எனக்கே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. குளிப்பாட்டுவதற்கு முன்னால் முகம் மழிக்க நாவிதர் தன் பையைத் திறந்தார். அம்மா எழுந்து உள்ளே போய், பெட்டியின் அடியில், தன் கல்யாணப் புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்துவந்தாள். அந்த பிரஷ். பன்றி மயிர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றவள் இத்தனை வருஷம் அதைத் தன் புடவைக்குள் வைத்திருந்திருக்கிறாள், அடப்பாவமே! "இதால போடும்" என்று சொல்லி, தானே சிரட்டையில் தண்ணீர் எடுத்து முக்கினாள். பசை என்றைக்கோ செத்திருந்தது. மயிரெல்லாம் கொத்துக் கொத்தாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. அவள் கையில் மரப்பிடி மட்டும் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "நான்தான் முக்கிக் குடுத்தேன்" என்றாள். கேட்க வேண்டிய அத்தை இல்லை, கேட்க வேண்டிய அப்பாவும் இல்லை. என்னைத் தவிர யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இப்போது அந்தக் கிணற்றை மூடிக் கான்கிரீட் போட்டாயிற்று. ஆணி இருந்த சுவரும் இல்லை. கோட்டாற்றில் போய்க் கேட்டுப் பார்த்தேன், நைலான் பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்கள். என் மகன் ஒரு டப்பாவை அமுக்குகிறான், நுரை வருகிறது. அவன் மனைவி உண்டாகியிருந்த பத்து மாதமும் அவன் ஒருநாள் தவறாமல் முகம் மழித்துக்கொண்டுதான் ஆபீஸ் போனான். ஒவ்வொரு காலையும் நான் குளியலறைக் கதவுக்கு வெளியே சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். பேத்தி நல்ல கனத்தில், ஊரையே கூட்டுகிற அழுகையோடு பிறந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். சந்தோஷத்தில் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள். அப்படியானால் அந்தத் தாடியில் ஒன்றுமே இல்லையா? ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காகவா என் அப்பாவும் அம்மாவும் சாகும்வரை பேசாமல் இருந்தார்கள்?