முப்பது போதாத மனிதர்

விருந்தாளி மேல்கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் பெரிக்லிஸ் மின்பலகையின் சிறு கதவைத் திறந்துவிடுகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சுட்டுவிரலை நீட்டி, சோதனைப் பொத்தானை அழுத்துகிறார். டக். விளக்குகள் அணைகின்றன. குளிர்பெட்டி முனகி அடங்குகிறது. சமையலறையில் மனைவி எவந்தியாவின் மாவு பிசையும் இயந்திரம் பாதிச் சுற்றில் நிற்கிறது. இருட்டுக்குள்ளிருந்து பெரிக்லிஸின் குரல் மட்டும் பெருமையில் ஊறி வருகிறது.

"பாத்தீங்களா? இவன் தூங்குறதே இல்ல. முந்நூறு. இந்த வோலோஸ் ஊர்ல எவன் வீட்டுலயும் கிடையாது."

எவன் வீட்டிலும் கிடையாது என்பது உண்மைதான். ஏன் கிடையாது என்று மட்டும் அவர் இன்றுவரை யாரையும் கேட்டதில்லை.

கேட்பது அவர் வழக்கமல்ல. அந்தக் கிரேக்க ஊரின் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சீருடை போனது, பார்வை போகவில்லை. சந்தையில் தக்காளியை, கோயிலில் பாதிரியாரின் பிரசங்கத்தை, எதிர்வீட்டுக்காரன் வண்டி நிறுத்தும் கோணத்தை எல்லாம் அதே சந்தேகக் கண்ணால் பரிசோதிக்கிறார். காப்பிக் கடையில் மணிமாலையை உருட்டியபடி, மருத்துவர் எழுதிய மாத்திரையைத் திருத்துகிறார். அளவு பெரிதென்றால் பொருள் உயர்ந்தது என்பது அவர் கொள்கை. காலைவிடப் பெரிய காலணி வாங்கிப் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்வார். இப்போதுள்ள குளிர்பெட்டியை உள்ளே கொண்டுவர வாசல் நிலையையே பெயர்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கொள்கைதான் மின்பலகைக்குள்ளும் போய் உட்கார்ந்தது.

முன்பு அங்கே ஒரு முப்பது இருந்தது. ஊரில் எல்லோரும் ரிலே என்று சொல்வார்கள்: மின்சாரம் எங்காவது கசிந்தால், அது ஆளைப் பிடிக்கும் முன் வீட்டு மின்சாரத்தையே வெட்டிவிடும் கருவி. முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும். போன குளிர்காலத்தில் குளியலறை வெந்நீர் ஹீட்டரைப் போட்டபோதெல்லாம் அது விழுந்து, மின்சாரத்தை வெட்டிக்கொண்டே இருந்தது. பெரிக்லிஸ் கால்பந்து பார்க்கும்போதும் விழுந்தது. அதுதான் அதன் குற்றம்.

மின்பணியாளர் பண்டெலிஸ் வந்து பார்த்தார். "ஐயா, ரிலே மேல தப்பில்ல. ஹீட்டருக்குள்ள கம்பிச்சுருள் அரிச்சுப் போச்சு, கசியுது. பூமிக்குப் போற கம்பியும் துருப்பிடிச்சுக் கிடக்கு. ரெண்டையும் மாத்தணும். ரிலேயும் பழைய வகை. இப்ப வர்ற துவைக்கிற மிஷினுக்கெல்லாம் ஏ வகைதான் சரிப்படும். ஆனா முப்பதுதான் போடணும். புதுச் சட்டமும் அதைத்தான் சொல்லுது."

"சட்டம் எழுதினவன் வீட்டுல கால்பந்து பாப்பானா?" என்றார் பெரிக்லிஸ். பண்டெலிஸின் பெட்டியை அவரே தூக்கி வாசலில் வைத்தார்.

மறுநாள் எவந்தியாவையும் இழுத்துக்கொண்டு மின்சாதனக் கடைக்குப் போனார். கடைக்காரி ஸ்டமாதா இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"இது என்னது?"

"அது முந்நூறு, பெரிக்லிஸ் ஐயா. தீப்பிடிக்காம இருக்கத்தான் அது. ஆளைக் காப்பாத்தாது. அதைப் போட்டாலும் கீழ ஒரு முப்பது போட்டே ஆகணும்."

"முப்பதைவிட முந்நூறு பத்து மடங்கு."

"கசிவு பத்து மடங்கு ஆகுற வரைக்கும் சும்மா இருக்கும்னு அர்த்தம். அதுக்குள்ள ஆள் போயிடும்."

"நான் வீட்டுக்கு வாங்குறேன் ஸ்டமாதா, குருவிக் கூண்டுக்கு இல்ல."

கடைக்காரி எவந்தியாவைப் பார்த்தாள். எவந்தியா தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் வாய் திறக்காமல் நின்றதற்காக அவள் பிறகு எத்தனையோ முறை தலையணையை நனைத்திருக்கிறாள்.

முந்நூற்றைப் பெரிக்லிஸே மாட்டினார். ஹீட்டர் கசிந்தது, ரிலே விழவில்லை, கால்பந்து தடைப்படவில்லை. வெற்றி. அன்றோடு ஒரு சட்டமும் பிறந்தது. அந்த ஊரில் எந்த வீட்டிலும் குளிக்கப் போகிறவர்களைப் பார்த்து ஒரு குரல் எழும்: "ஹீட்டரை அணைச்சியா?" அணைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பார்கள். பெரிக்லிஸ் அந்தக் குரலுக்குத் தடை விதித்தார். "முந்நூறு இருக்கிற வீட்டுல இந்தப் பயந்தாங்கொள்ளிக் கேள்வியைக் கேக்காதே" என்றார். தான் குளிக்கப் போகும்போது ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டே போனார், பாட்டு வேறு பாடிக்கொண்டு.

ஹீட்டர் ஓடும் நேரத்தில் எவந்தியா சமையலறைக் குழாயைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு கடித்தது.

"என் மனுஷா, குழாய் கடிக்குது."

"உனக்கு ரத்த அழுத்தம்."

"ரத்த அழுத்தம் ஹீட்டர் போடும்போது மட்டுமா வரும்?"

"பொம்பளைங்களுக்கு வரும்."

ஈஸ்டருக்கு முந்தைய புனித சனிக்கிழமை மாலை மகள் இஸ்மினி வந்தாள். ஜெர்மனியில் எத்தனையோ வருடம் இருந்தவள், இப்போது வயிற்றில் ஏழு மாதம். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. காலணியை உதறிவிட்டு, வீங்கிய பாதங்களோடு தரையில் நின்றபடி, "அம்மா, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குளியல் போட்டுடறேன். உடம்பெல்லாம் ரயில் அழுக்கு" என்றாள்.

பெரிக்லிஸ் ஏற்கெனவே ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அணைச்சுட்டுப் போம்மா," என்றாள் எவந்தியா. தடையை மீறிவிட்டாள்.

"அங்கல்லாம் யாரும் எதையும் அணைக்கிறதில்லம்மா. எனக்கு அந்தப் பழக்கமே விட்டுப் போச்சு." இஸ்மினி சிரித்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

எவந்தியா கையில் ஒட்டியிருந்த ரொட்டி மாவோடு ஓடிப்போய் ஹீட்டர் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். சிவப்பு விளக்கு செத்தது. சுவிட்சுக்குக் குறுக்கே முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

"எவந்தியா, தள்ளிக்கோ. தண்ணி இன்னும் சுடல."

"தள்ளிக்க மாட்டேன். அன்னிக்குக் கடையில வாய மூடிட்டு நின்னேன், இன்னிக்கு மூட மாட்டேன். இதோ உன் பொண்ணு. வயித்துல உன் பேரப்பிள்ளை. இவ தலை மேல கை வச்சு ஒரு வார்த்தை சொல்லு. ஹீட்டர் எரிய எரிய இவ குளிக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. நான் தள்ளிக்கிறேன்."

"என்னம்மா நடக்குது இங்க?" என்றாள் இஸ்மினி. வயிற்றின் மேல் அவள் கை தானாகப் போனது.

பெரிக்லிஸ் தொண்டையைச் செருமினார். "முந்நூறுன்னா…" என்று ஆரம்பித்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். கையைத் தூக்கினார். பாதி உயரத்தில் அது நின்றது. பின்பு அந்தக் கை அவருடைய சட்டைப் பொத்தானைத் தேடிப் போய், பூட்டியிருந்த பொத்தானையே மறுபடி பூட்டியது.

எவந்தியா அசையவில்லை.

அவர் குளியலறைக்குள் போனார். துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் கையை விட்டுத் துழாவுவது கேட்டது. திரும்பி வந்தபோது கையில் தடித்த நீல ரப்பர் செருப்புகள் இருந்தன, கடற்கரையில் போட்டுக்கொள்ளும் வகை. பெரிக்லிஸ் கடலில் கால் நனைத்தே பல வருடம் ஆகிறது. அந்தச் செருப்புகளிலிருந்து அன்று மதியம் அவர் குளித்த தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். மனைவியை நிமிர்ந்து பார்க்காமல், மகளின் வெறுங்காலுக்கு முன்னால் இரண்டையும் வைத்து, அவள் கால் நுழைக்க வாகாக ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்.