புகார் வராத மாடி வீடு

மெக்கானிக் மாடி வீட்டைக் காலி செய்தது ஒரு புதன்கிழமை. காலை பத்து மணிக்குள் கட்டிலும் பீரோவும் வாஷிங் மெஷினும் மினி லாரியில் ஏறிவிட்டன. சாவியை வாங்கிக்கொள்ள வந்திருந்த ஓனரம்மா படிக்கட்டின் அடியில் நின்று, முகத்தில் கொஞ்சம் வருத்தத்தை வரவழைக்கப் பார்த்தாள். அது வருவேனா என்றது.

ஆறு வருஷமாக அந்த மனிதர் அவள் உயிரை வாங்கியிருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் குடைந்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் பார்வையை அவளுடைய சுவர்கள்மேல் வைப்பார். தொட்டி மூடி காற்றில் ஆடுகிறது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி இன்றோடு மூன்றாம் நாள். ஹாலில் ஒரு விரிசல்; போன மாதம் ஒரு விரல் நீளம், இந்த மாதம் ஒன்றரை விரல். எல்லாவற்றுக்கும் போனில் படம் வரும், படத்தின்மேல் சிவப்பில் அம்புக்குறி வரும். காலையில் அவள் போன் சத்தம் போட்டால், "அக்கா, உன் தினசரி வந்தாச்சு. தலைப்புச் செய்தி என்னன்னு பாரு" என்பான் தம்பி.

லாரியில் ஏறப்போனவர் பாதியில் இறங்கித் திரும்பி வந்தார்.

"ஓனரம்மா, பாத்ரூம்ல வடிகால் பக்கத்துல ஒரு டைல் டொக்குடொக்குன்னு சத்தம் போடுது. அடியில காலியா இருக்கு. புது ஆள் வர்றதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்துடுங்க."

"பாத்துடலாம். நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க."

பாத்துடலாம் என்பது அவளுக்கு உத்தியோகம் கற்றுக்கொடுத்த சொல். இருபத்தாறு வருஷம் மின்சார அலுவலகத்தில், புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். எழுதிக் கொடுங்கள், பாத்துடலாம், அடுத்தவங்க வாங்க. அந்த ஜன்னலில் இருந்தவர்களுக்கு நாள் கணக்கு ஒன்றுதான்: வரிசை தெருவரை நீண்டால் கெட்ட நாள், ஒருத்தரும் வராவிட்டால் நல்ல நாள். விருப்ப ஓய்வு வாங்கியபோது கைக்கு வந்ததை மொத்தமாகப் போட்டு, கீழே இரண்டு மேலே இரண்டு என்று நாலு வீடு கொண்ட இந்தப் பழைய கட்டடத்தை வாங்கினாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவள். "கடைசி காலத்துல எனக்குச் சோறு போடப்போற பிள்ளை இதுதான்" என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். கட்டடம் பாட்டுக்கு நிற்கும், வாடகை பாட்டுக்கு வரும் என்பது அவள் போட்ட கணக்கு.

தரகரிடம் அவள் கேட்டதும் ஒன்றுதான். "வாடகை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. வாய் இல்லாத குடும்பமா கொண்டாங்க."

தரகர் கெட்டிக்காரர். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்யும் ஒருவரையும் அவர் மனைவியையும் கூட்டிவந்தார். இருவரும் ஹாலைக் கோயிலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். டைலைப் பிரித்துப் பார்க்கக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் நாலு நாள் ஆகும். அவர்களோ ஞாயிற்றுக்கிழமையே பால் காய்ச்சிக் குடியேறத் தயாராக இருந்தார்கள். சாவியைக் கொடுக்கும்போது ஓனரம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள், "இங்க ஒரே ஒரு கண்டிஷன். சும்மா சும்மா குறை சொல்றவங்களுக்கு இந்த வீட்ல இடமில்ல."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர்கள் சிரிக்கவில்லை, தலையாட்டினார்கள்.

பிறகு பதினேழு மாதம் போன் வாயைத் திறக்கவில்லை. ஒன்றாம் தேதி வாடகை வந்தது. அவள் எப்போதாவது போய் வாசலில் நின்று "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "ஒண்ணுமில்ல மேடம்" என்று பதில் வந்துவிடும். "குடித்தனம்னா இப்படி இருக்கணும்" என்று தம்பியிடம் பெருமை அடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்காங்களான்னு ஒரு தடவ மூக்குல கைவெச்சுப் பாரு" என்றான் அவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குக் கீழ்வீட்டு டியூஷன் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "உடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஓனரம்மா இரண்டு தெருவை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டீச்சர் பாடம் நடத்தும் அறையில், கூரைப் பூச்சு ஒரு பெரிய பாய் அளவுக்குப் பெயர்ந்து தரையில் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்புபோலத் தெரிந்தன. விரித்து வைத்திருந்த பாயின் பூக்கள் சிமென்டுக்கு அடியில் போயிருந்தன.

"நாலு மணிக்குப் பன்னெண்டு பிள்ளைங்க வந்து இங்கதான் உக்காரும்" என்றாள் டீச்சர். அதையே மறுபடியும் சொன்னாள். "அரை மணி நேரம்தான் ஓனரம்மா."

 ஓனரம்மா மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். பைண்டரின் மனைவி திறந்தாள். கேட்காமலே நேராகப் பாத்ரூமுக்குப் போனாள் ஓனரம்மா.

வடிகாலைச் சுற்றி ஈரத்துணி அணைபோலச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சுவரோரக் குழாயில் சோப்புத் துண்டும், அதன்மேல் புத்தக முதுகுக்கு ஒட்டும் துணிப்பட்டையும், அதன்மேல் பசையும் மாற்றி மாற்றிப் பூசியிருந்தார்கள். கீழே மூன்று பாத்திரங்கள். மெக்கானிக் சொன்ன அந்த டைலைக் காணோம். அதன் இடத்தில் அட்டை வைத்து மெழுகு ஊற்றியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக ஓட்டை அடைத்ததை அவள் பார்த்ததே இல்லை. தண்ணீர் மட்டும் அந்த நேர்த்தியை மதிக்காமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இது?"

"வந்த மூணாம் மாசத்துலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" குரல் உயர்ந்துவிட்டது.

அந்தப் பெண் முந்தானை நுனியைத் திருகினாள். "முன்னாடி இருந்த வீட்ல ஒரு தடவ சொன்னோம் மேடம், ஜன்னல்ல தண்ணி வருதுன்னு. அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நீங்களும் சாவி குடுக்கும்போதே சொல்லிட்டீங்க. நாங்க குளிக்கிறதைக்கூடக் குறைச்சுக்கிட்டோம். பொதுக்குழாய்லதான் இவர் குளிப்பார்."

 ஓனரம்மா தன் மின்சார அலுவலக ஜன்னலுக்கு வெளியே வரிசையே இல்லாத நாட்களை நினைத்தாள். வராதவர்கள் வீட்டிலெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக இருந்தாள்?

மறுநாள் பொறியாளர் வந்து சுத்தியலால் கூரையை அங்கங்கே தட்டிக் காது கொடுத்தார். "இப்போதைக்குக் காப்பாத்திடலாம். கம்பியச் சுத்தம் பண்ணிப் பூசித் தர்றேன். ஆனா இன்னொரு தடவ தண்ணி தெரியாம இறங்கிச்சுன்னா, இடிக்கிறதத் தவிர வழி இல்லம்மா."

"வித்துடு அக்கா" என்றான் தம்பி. "இடம் வாங்கறவன் கட்டடத்தப் பாக்கமாட்டான். எதுக்கு இந்த வயசுல உனக்கு இந்தத் தலைவலி?"

"வித்துட்டு?"

"பேங்க்ல போட்டுட்டு நிம்மதியா இரு. பேங்க் ஒழுகாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் யோசித்தாள். இடம் வாங்குபவன் முதலில் செய்வது நாலு குடித்தனத்தையும் வெளியே அனுப்புவது. பைண்டரின் மனைவி அடுத்த வீட்டில் அணை கட்டுவதற்குத் துணி சுருட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் விற்காவிட்டால், தன் கடைசி காலம் முழுவதும் வாய் திறக்காத இரண்டு பேரின் கையில் இருக்கும் என்பதும் தெரிந்தது. மேல்வீட்டு ஈரம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

விற்கவில்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டாள். அவர் "சொன்னேனே" என்று சொல்லிக் காட்டவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது. கட்டடத்தின் நோய்களையெல்லாம் பத்து நிமிஷம் வரிசையாக ஒப்பித்தார். அவள் எழுதிக்கொண்டாள். ஜன்னலில் எப்போதும் எழுதிக் கொடுங்கள் என்றே சொன்னவள்; அடுத்தவர் சொல்ல அவள் எழுதியது அதுதான் முதல் தடவை.

வேலை நாற்பது நாள் நடந்தது. முடிந்த பிறகு மேலே போய் ஹாலில் உட்கார்ந்தாள். குறை இருக்கிறதா என்று கேட்கவில்லை. தானே ஆரம்பித்தாள். "இந்த ஜன்னல் மட்டமான ஜன்னல். நான்தான் மிச்சம் பிடிக்கப் பார்த்து இதப் போட்டேன். அந்த ஸ்விட்ச் போர்டும் தண்டம்."

பைண்டர் பதறினார். "அப்படியெல்லாம் இல்லைங்க, நல்ல ஜன்னல்தான்."

"நல்ல ஜன்னலா? சாத்திக் காட்டுங்க பாப்போம்."

அவர் சாத்தினார். அது சாத்திக்கொள்ளவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதி, பழுது என்று சொன்னதற்காக யாரையும் காலி செய்யச் சொல்வதில்லை என்று ஒரு வரியைத் தன் கையெழுத்தில் சேர்த்துக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அவளுடைய பிரதி திரும்பி வந்தது. மூன்றே மூன்று தாள். கெட்டி அட்டை போட்டு, நூல் தைத்து, நீலத்துணி முதுகு ஒட்டி, பைண்டர் அதைப் புத்தகம் ஆக்கியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்கள் இதை நம்பிவிட்டார்களா, இல்லை மரியாதை மட்டும் செய்திருக்கிறார்களா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போன் பேசாமல்தான் இருந்தது. முன்பு அந்த மௌனத்தில் தூங்கினவள், இப்போது அதில் கண்விழித்துக் கிடந்தாள். மாதம் ஒருமுறை போய் ஸ்விட்ச், குழாய், கொக்கி என்று தானே தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணுமில்ல மேடம்" கொஞ்சம் தாமதமாக வரத் தொடங்கியதே தவிர, நிற்கவில்லை. மழைக்காலம் வந்தது, போனது. டீச்சரின் பிள்ளைகள் பழைய அறைக்கே திரும்பினார்கள். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆயிற்று.

அன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் சத்தம் போட்டது. பைண்டரின் மனைவி. படம் இல்லை, அம்புக்குறி இல்லை, பேசுவதுபோலவே எழுதியிருந்தாள்.

"அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. சமையலறை சிங்க்குக்கு அடியில நேத்து சாயந்தரத்துலேருந்து சொட்டுது. கீழ இறங்கல, டீச்சர் வீட்டுக்குப் போய் நானே கூரையப் பாத்துட்டு வந்துட்டேன். இவர் பட்டை ஒட்டிடலாம்னு பசையக் கரைச்சுட்டார். நான்தான் வேண்டாம்னு பிடுங்கி வெச்சிருக்கேன். சீக்கிரம் ஆளை அனுப்புங்க. இன்னொண்ணும் இருக்கு, சொல்லட்டுமா?"